வெறும் காற்றுதான், சார்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்தது அல்ல. சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் சாலையில், பேருந்துச் சன்னல் வழியாகக் கிடைத்தது. ஒரு சின்னக் கார், டிக்கி திறந்து கிடந்தது. சாலையோரத்தில் ஒரு குண்டு டயர் சைக்கிளின் சக்கரம், கழற்றிய நிலையில். அதற்கு முப்பது அடி தள்ளி மூன்று ஆண்கள் நின்றார்கள். அதில் ஒருவர் போலீஸ்காரர். மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. மூவரும் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேருந்து நகர்ந்துவிட்டது. மீதி எல்லாம் என் கைச்சரக்கு. அன்றைக்கே இறங்கிப்போய் என்ன ஏது என்று கேட்டிருந்தால், நாலு மாதமாக இப்படி எழுதி எழுதிக் கிழிக்கும் பாடு வந்திருக்காது.

2

தொடக்கம் ஒன்று: "கந்தக மணம் கமழும் அந்த அதிகாலையில்..."

அடித்துவிட்டேன். சிவகாசி என்றதும் கந்தகத்தைக் கமழவிடுவது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வியாதி.

தொடக்கம் இரண்டு: "இன்னும் சற்று நேரத்தில் அங்கே ஒரு பெரும் வெடி—"

வேண்டாம். இந்த ஊர்க் கதை என்றால் கடைசிப் பக்கத்தில் ஏதாவது வெடித்தாக வேண்டும் என்று நீங்கள் காத்திருப்பது எனக்குத் தெரியும். வாக்குக் கொடுக்கிறேன், இந்தக் கதையில் எதுவும் வெடிக்காது. நிம்மதியாகப் படியுங்கள். (நிம்மதி இல்லாமல் எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.)

தொடக்கம் மூன்று, இருப்பதில் இதுதான் தேவலை:

கருத்தப்பாண்டிக்கு நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வேலை. பதினாலாம் நம்பர் அறையில் இருபத்திரண்டு வருஷமாகப் பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு வெடிமருந்து செலுத்துகிறார். மகள் செல்வலட்சுமி தூத்துக்குடியில் கல்லூரியில் படிக்கிறாள். கடற்கரை மணலில் நடக்கும் சைக்கிள் பந்தயத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விடுமுறையில் கண்மாய் மணலில் ஓட்டிப் பழகச் சைக்கிளை ஊருக்குக் கொண்டுவந்தவள், திரும்பும்போது அதை ஏற்ற எந்தப் பேருந்திலும் இடம் கிடைக்காமல் விட்டுவிட்டுப் போய்விட்டாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் சைக்கிளை நடுவர்களிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். கொண்டுபோய்ச் சேர்ப்பது அப்பாவின் பொறுப்பு.

[அடிக்குறிப்பு போல ஒன்று: குண்டு டயர் சாதாரண டயரைவிட இரண்டு மூன்று மடங்கு பருமன். மணலில் புதையாது. மோட்டார்சைக்கிள் டயரைச் சைக்கிளுக்குக் கட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும்.]

3

கார், அவருடைய மனைவியின் தம்பி மகேஷ்குமாருடையது. சைக்கிள் முழுசாக அதற்குள் போகவில்லை. சக்கரங்களைக் கழற்றினார்கள். பெயின்ட் உராயக் கூடாதே என்று கருத்தப்பாண்டிக்குக் கவலை. அந்த ஊரில் யாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். அச்சு கோணிப்போனதால் கம்பெனி கழித்துக்கட்டிய அட்டைப் பெட்டிகளை எடுத்தார்.

அவர் வீட்டில் நோட்டுப் புத்தகம் முதல் பித்தளைப் பாத்திரம் வரை அந்தப் பெட்டிகளில்தான் இருக்கின்றன. அதில் தீச்சுடர் படமும் 'வெடிபொருள்' என்ற எழுத்தும் இருப்பது அவர் கண்ணில் பட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. ஐந்து பெட்டி கட்டினார். டேப்பை இறுக்கி இறுக்கி ஒட்டினார். மணலுக்குப் பாதிக் காற்றுதான் வேண்டும் என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியும் கேளாமல், டயரிலும் கல் மாதிரி காற்றை அடைத்தார். சரக்கு என்றால் இறுக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் சாத்திரம்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. தனியார் காரில் பட்டாசு போகிறதா என்று சாலையெல்லாம் சோதனை.

4

சாத்தூர் சாலையில் காரை நிறுத்திய போலீஸ்காரர் இராமகிருஷ்ணன், இந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. ஐந்து பெட்டியையும் பார்த்தார். உள்ளே சைக்கிள் என்று கருத்தப்பாண்டி சொன்னதும், பிரிக்கச் சொன்னார். சைக்கிளின் சட்டம் வந்தது, கைப்பிடி வந்தது, சங்கிலி வந்தது. கடைசியில் சக்கரங்கள். இவ்வளவு குண்டான டயரை அவர் கண்டதில்லை. உள்ளே மருந்தைத் திணித்திருந்தால்? காற்றை இறக்கு, டயர் தட்டையானால் விட்டுவிடுகிறேன் என்றார். நியாயம்தான்.

மணி ஏழேகால். எட்டுக்குள் கிளம்பினால் பத்துக்குள் போய்விடலாம். அந்த நேரம் பார்த்து மகளின் போன்.

"அப்பா, எங்கன வாரீக?"

"சாத்தூர் தாண்டிட்டோம் தாயி."

பொய் சொன்ன கையோடு ஒரு தீக்குச்சியை எடுத்து வால்வுக்குள் அழுத்தினார். புஸ் என்றது.

அடுத்து அவருக்கு நினைவு வந்தபோது முப்பது அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மகேஷ்குமார். அவனும் பழைய பட்டாசுக்காரன். இருவருக்கும் பின்னால், தொப்பி இல்லாமல், இராமகிருஷ்ணன்.

பதினாலாம் நம்பர் அறையில் வாசலைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். புஸ் என்று கேட்டால் மருந்து பற்றிக்கொண்டது என்று அர்த்தம்; என்ன என்று பார்க்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது, ஓட வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் ஒருநாள் கேட்டது. கருத்தப்பாண்டி ஓடினார். என்ன என்று திரும்பிப் பார்த்த, அவருடன் வேலை செய்த கருப்பணன் இன்று இல்லை. (இது கதைக்கு வெளியே வெடித்தது. நான் வாக்குத் தவறவில்லை.)

"வெறும் காத்துன்னா நீ எதுக்குய்யா ஓடுன?" என்றார் இராமகிருஷ்ணன்.

கருத்தப்பாண்டி குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "வெறும் காத்துதான் சார். எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரிய மாட்டேங்குது."

மறுபடி போனார். மறுபடி ஓடினார். மகேஷ்குமார் ஒருமுறை முயன்று இன்னும் தூரம் ஓடினான். ஓட ஓடப் போலீஸ்காரரின் சந்தேகம் வளர்ந்தது. சக்கரத்தின் பக்கமே போக மாட்டேன் என்றவர், இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். அவர் வர ஒன்பது ஆகுமாம்.

5

இங்கே எனக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டது. டயர்க் காற்றுக்கு ஒரு மனிதன் ஓடுவானா? என் சைக்கிளை வாசலுக்கு இழுத்துவந்து வால்வை அழுத்திப் பார்த்தேன். புஸ் என்றது. டயர் தட்டையாகும் வரை குந்தியே இருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்தபோது ஏனோ வெட்கமாக இருந்தது.

6

முடிவு அ: மகளை நினைத்துப் பல்லைக் கடிக்கிறார். காலை மண்ணில் ஊன்றி, கடைசிக் காற்று வரை கையை எடுக்காமல் அழுத்துகிறார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போய்ச் சேர்கிறார்கள். எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. அப்புறம்தான் உறைத்தது, திங்கள்கிழமை அவர் பதினாலாம் நம்பர் அறைக்குத் திரும்பிப் போக வேண்டும். ஒரு நல்ல முடிவுக்காக அந்தக் கால்களை நிற்கப் பழக்கிவிட்டேனே. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: இன்ஸ்பெக்டர் வருகிறார், சிரித்துவிட்டு அனுப்புகிறார், பதினொன்றரைக்குப் போய்ச் சேரும்போது செல்வலட்சுமி மணலில் தனியாக— முடியவில்லை. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது.

முடிவு இ: போகிற வருகிற யாராவது இறங்கி வந்து உதவுகிறார்கள். அந்தச் சாலையில் வந்தது ஒரு பேருந்துதான். அதில் நான் இருந்தேன். இறங்கவில்லை.

7

மணி ஏழு நாற்பது. சக்கரம் அங்கேயே கிடக்கிறது.

நீங்கள் வாருங்கள். உங்கள் காதுக்கு இந்தச் சத்தம் ஒன்றும் சொல்லாது. கருத்தப்பாண்டி விட்டுப்போன தீக்குச்சி வால்வுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, எடுத்து அழுத்துங்கள். புஸ் என்றதும் உங்களுக்குப் பின்னால் அவர் ஓடும் சத்தம் கேட்கும். கூப்பிடாதீர்கள், ஓடட்டும். நீங்கள் மட்டும் கையை எடுக்காதீர்கள். இன்னொரு சக்கரமும் இருக்கிறது.