ஒன்பது நாள் காணாமல் போன பெயர்

நாட்டிலுள்ள இணையத் தளங்களின் பெயர்களெல்லாம் ஒரே பதிவேட்டில் இருந்தன. அதிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிட்டால் அந்தத் தளம் இருந்தும் இல்லாத கதைதான். யார் தேடினாலும் வழி கிடைக்காது. பதினெட்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டது ஒரு சின்னச் சங்கம். ஆறு பேர், மூன்று மேசை, ஒழுகும் ஒரு ஏசி. இப்போது அமைச்சகம் அதைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னது. யாரிடம் இருக்க வேண்டும் என்று ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் பொது விசாரணை நடத்தினார்.

சங்கத்துக்காகப் பேசியவரை அலுவலகத்தில் சாவிக்காரர் என்பார்கள். பதிவேட்டைத் திறக்கும் ரகசிய எண் அவரிடம்தான் இருந்தது. மனிதர் பேச ஆரம்பித்தால் மடை திறந்த வெள்ளம்.

"மந்திரி ஒரு போன் போட்டா ஒரு பத்திரிகையே காணாமப் போயிடும்ங்கய்யா. எங்ககிட்ட அது நடக்காது. ஒரு பேர எடுக்கணும்னா ரெண்டு பேர் கையெழுத்து வேணும்."

கூட்டம் கைதட்டியது. சாவிக்காரருக்கு உச்சி குளிர்ந்தது.

அந்த இரண்டாவது கையெழுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுடையது. ஆவணங்களைப் பார்ப்பவர், அலுவலகத்துக்கே அக்கா. அம்மாவை அடிக்கடி மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்ததால், தான் இல்லாத நேரத்தில் மோசடித் தளம் ஏதாவது முளைத்தால் வேலை நிற்கக்கூடாது என்று பத்து வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு சாவிக்காரரிடம் கொடுத்து வைத்திருந்தார். தப்புதான். ஆனால் சின்ன அலுவலகங்களில் விதியைவிட நம்பிக்கைக்குத்தான் மரியாதை.

பின் வரிசையிலிருந்து தையல் கடை நடத்தும் ஒரு பெண் எழுந்தார்.

"ஸ்கூல் வேன்ல இருக்கிற குறையெல்லாம் எழுத, பெத்தவங்க நாங்க சேர்ந்து ஒரு தளம் வச்சிருக்கோம். அட்மிஷன் நேரத்துல ஒன்பது நாள் அதக் காணோம். மனுப் போட்டதுக்கு இந்தக் காகிதம் குடுத்தாங்க."

காகிதம் திரையில் தெரிந்தது. காரணம்: பராமரிப்பு. கீழே தேதியும் இரண்டு கையெழுத்தும்.

"அந்த ஒன்பது நாள்லதான் என் தங்கச்சி தன் பொண்ண ஒரு ஸ்கூல்ல சேர்த்தா. வேன் பின்கதவக் கயித்துல கட்டி வச்சிருக்காங்கன்னு நாங்க எழுதியிருந்தோம். அவ தேடினப்போ கிடைக்கல. கதவு திறந்து, குழந்தைக்குக் கை முறிஞ்சிடுச்சு."

அது சாவிக்காரருடைய மச்சான் நடத்தும் பள்ளிக்கூடம். 'ஒரு வாரம்தான் மாப்ள, அட்மிஷன் முடியட்டும்' என்று மச்சான் போன் செய்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிட வேலை. முடித்துவிட்டுக் காபிகூடக் குடித்தார்.

"ரெண்டாவது கையெழுத்து யாரோடது?" என்றார் நீதிபதி.

அக்கா திரையைப் பார்த்தார். எழுந்தார். "என்னுதுதான்."

அக்கா இதோடு விட்டுவிட மாட்டாரா என்று சாவிக்காரர் மனசு ஒரு கணம் ஏங்கியது. செய்த காரியத்தைவிட அந்த ஏக்கத்துக்குத்தான் பிறகு அவர் அதிகம் கூசினார்.

"அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா. அவங்க கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்திருந்த வெத்துப் படிவம் அது. நான்தான் நிரப்பினேன்."

"யார் சொல்லி?"

"என் மச்சான்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மந்திரி போன் போட்டா என்ன ஆகும்னு அரை மணி நேரம் பேசினீங்க. மச்சான் போன் போட்டாலே போதும் போலிருக்கே. உட்காருங்க."

மண்டபம் சிரித்தது. அமைச்சக அதிகாரிகூட வாயைப் பொத்திக்கொண்டார். தையல் கடைக்காரப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது சாவிக்காரருக்கு. வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பயிருக்காகப் பரிந்து பேசவும் வந்திருந்தது. தன்னால் பதினெட்டு வருடப் பதிவேடு சங்கத்தின் கைவிட்டுப் போகப்போகிறது என்பதும் அவருக்குத் தெரிந்தது.

வெளியே வராந்தாவில் அக்காவின் முன்னால் தலை குனிந்து நின்றார்.

"மன்னிச்சிடுங்கக்கா. அன்னிக்கு நீங்க இல்லாததால, அவசரத்துல..."

"அன்னிக்கு நான் எங்கயும் போகல," என்றார் அக்கா. "உன் எதிர் மேசைலதான் உட்கார்ந்திருந்தேன்."