பெரியவள் போடாத பல்வரிசை

1

இது திருட்டுக் கதை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் தண்டனை குறையும் என்று ஒரு நப்பாசை. கடைவாய்ப் பல் வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டரின் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு பெண் கேட்டாள்: "பிடிக்கலைன்னா கழட்டிடலாமா டாக்டர்?" டாக்டர் பதில் சொல்லத் தொடங்கியபோது யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தப் பெண்ணின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. கேள்வியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

அவளுக்கு முப்பத்திநான்கு வயது, இதுவரை ஒரு படத்திலும் வாய் திறந்து சிரித்ததில்லை, ஏனென்றால் [வேண்டாம். முதல் வரியிலேயே பரிதாபம் கையேந்தி நிற்கிறது.]

முத்துப் போன்ற [வெட்கக்கேடு.]

பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் கடையில் வேலை பார்க்கிற ஒருத்தி, நாள் முழுக்க வருகிறவர்களிடம் "வாயை மூடிக்குங்க, பல்லு தெரியக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இது நின்றது. வேலை கிடைத்ததும் ஆள் கிடைத்துவிட்டாள். அவளுடைய முன்பற்கள் நான்கும் சிறியவை, பழுப்புக் கோடு விழுந்தவை. அவளுடைய அக்காவுக்கும் அப்படியே. வீட்டில் அவர்கள் இருவரும் அம்மாவும். அம்மா ஒருத்தியைப் பெரியவ என்பாள், இன்னொருத்தியைச் சின்னவ என்பாள். பெயர் யோசிக்கும் வேலை மிச்சம் என்று நானும் அதையே வைத்துக்கொண்டேன். போட்டோ எடுப்பவள் சின்னவள்.

3

கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், இது தெரியாமல் கதை புரியாது.

பல்லின் முகத்தில் ஒட்டும் மெல்லிய ஓட்டுக்கு வெனீர் என்று பெயர். இரண்டு வகை முக்கியம். காம்போசிட் என்பது பசை மாதிரியான பொருள். டாக்டரே பல்லின் மேல் வைத்து, இழைத்து, அன்றைக்கே அனுப்பிவிடுவார். சில வருடத்தில் கறை ஏறும், ஓரம் உடையும், ஆனால் மாற்றலாம். போர்சலின் என்பது பீங்கான், வெளியே பல் செய்யும் கூடத்தில் செய்து வருவது. பளபளப்பு போகாது. பல வருடம் தாங்கும். ஆனால் அதை ஒட்டுவதற்குச் சொந்தப் பல்லின் எனாமலை ஒரு படலம் சீவ வேண்டும். சீவிய எனாமல் திரும்ப வளராது.

முதல் வரைவு இதை வைத்து நடந்த ஒரு சண்டைதான். வேடிக்கையாகத்தான் இருந்தது.

"போர்சலின் போட்டா ஒரேயடியா முடிஞ்சுதுடி," என்றாள் பெரியவள், வழக்கம்போல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

"ஒரேயடியா முடியறதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"நீ சட்டை எடுக்கவே நாலு கடை ஏறுவே. பல்லுக்குக் கேக்கணுமா?"

"சட்டையைத் திருப்பிக் கொடுக்கலாம்க்கா."

4

பதினோரு பக்கம் இப்படியே போயிற்று. இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள், கதை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டாவது வரைவில் ஒரு வரி சேர்த்தேன்: 'அளவெடுத்து, புதுப் பல்வரிசைக்கு வடிவம் வரைந்து முடித்த வாரத்தில், பெரியவள் நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.'* எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

* என்ன காய்ச்சல் என்று கேட்காதீர்கள். நான் யோசிக்கவில்லை. ஒரு மனுஷியைக் கொன்றவன் அதையாவது யோசித்திருக்க வேண்டும், தெரியும்.

கதைக்கு உடனே கனம் வந்துவிட்டது. அம்மா சாப்பாட்டைக் குறைத்தாள், ஆறு மாதம் வாசலைத் தாண்டவில்லை. சின்னவள் எதைச் சொன்னாலும் அம்மா "ம்" என்றாள். அதற்குப் பிறகுதான் சின்னவள் தனியாக, அக்கா போன அதே டாக்டரிடம் போனாள். தனக்கென்று ஒரு சிரிப்பு வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அது பேராசை இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

5

எது வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன்னால் மாதிரி போட்டுப் பார்ப்பது உண்டு. கூடத்தில் வடிவம் செய்து, அதன் அச்சில் தற்காலிகப் பூச்சை ஊற்றி, பல்லைச் சீவாமல் மேலே பதித்து அனுப்புவார்கள்.

"ரெண்டு நாள் போட்டுட்டு இருங்க. வீட்டுல காட்டுங்க. மூணாம் நாள் வந்து எடுத்துட்டு, எதுன்னு முடிவு பண்ணலாம்," என்றார் டாக்டர் அம்மா.

சின்னவள் வீட்டுக்கு வந்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் எதிரே நின்று சிரித்துக் காட்டினாள்.

அம்மா மடிப்பதை நிறுத்தினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது.

"கடைசியில போட்டுக்கிட்டியா பெரியவளே. நல்லாத்தான் இருக்கு."

சின்னவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

"சின்னவ எங்க?" என்றாள் அம்மா.

நான் இந்த இடத்தில் 'அம்மா, நான்தாம்மா சின்னவ' என்று எழுதி வைத்திருந்தேன். சத்தியமாக வைத்திருந்தேன். ஆனால் அம்மா எழுந்து, தானே தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாதத்தில் முதல் முறை. அதைப் பார்த்த சின்னவள் சொன்னாள்: "கடைக்குப் போயிருக்காம்மா. வந்துடுவா."

6

மறுநாள் காலையில் சின்னவள் டாக்டர் இடத்துக்குப் போன் செய்து, இது யாருக்கு வரைந்த வடிவம் என்று கேட்டாள். வரவேற்பில் இருக்கும் பெண் அவரவர் பல் அச்சு வைத்திருக்கும் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தப்பு எங்க மேலதாங்க. ரெண்டு பெட்டியிலயும் ஒரே விலாசம். கூடத்துல உங்க அக்கா பெட்டியைத் திறந்து, அவங்களுக்கு வரைஞ்ச வடிவத்தைப் பாத்து உங்களுக்குச் செஞ்சுட்டாங்க."

இதுவரை சரி. உலகத்தில் நடக்கிற தவறுதான். சரியில்லாதது ஒன்று உண்டு. பெரியவள் அந்தப் பல்வரிசையைப் போட்டதே இல்லை. அந்தச் சிரிப்பை யாரும் பார்த்ததில்லை, அவளே கண்ணாடியில் பார்த்ததில்லை. பிறகு அம்மாவுக்கு எப்படி அடையாளம் தெரிந்தது?*

* பெரியவள் தன் வடிவத்தின் படத்தைப் போனில் அம்மாவிடம் காட்டியிருக்கலாம். நான் அப்படி எழுதவில்லை. மனசு ஆறுமென்றால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாளும் அம்மா நன்றாகச் சாப்பிட்டாள். பழைய கதைகள் பேசினாள், அக்காவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்தவை. அவற்றுக்குச் சின்னவள் சரியான இடத்தில் சிரித்தாள். எப்படி என்று அவளுக்கும் தெரியவில்லை. சிரிக்கும்போது கை தானாக வாயை மறைக்கப் போனது. அவளுக்கு அந்தப் பழக்கம் இருந்ததே இல்லை.

இடையிடையே அம்மா ஜன்னல் பக்கம் போய் நின்றாள். "இவ்வளவு நேரமா கடையில என்ன பண்றா? அவளுக்கு எடுத்து வச்ச சாப்பாடு ஆறிப்போச்சு."

பெரியவளுக்கு வைத்ததைச் சாப்பிட்ட பிறகும் சின்னவள் பசியோடு அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

7

எனக்குப் பயம் வந்துவிட்டது. எழுதுகிறவன் பயப்படலாமா என்பீர்கள். நான் பயப்பட்டேன். காய்ச்சல் வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'கதவு திறந்தது. பெரியவள் உள்ளே வந்தாள்.'

வந்தாள். மேசை அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளைப் பேச வைக்க ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டேன்.

"போர்சலின் [வாய் திறக்கவில்லை.]

"நீ சட்டை எடுக்கவே [இல்லை.]

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சின்னவளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, சின்னவளிடம் கேட்டாள்: "யாரு பெரியவளே அது? சின்னவ கடைக்கு வந்தவங்களா?"

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். காய்ச்சல் வரியைத் திரும்பப் போட்டேன். வேறு வழி தெரியவில்லை, மன்னித்துக்கொள் பெண்ணே. மறுநாள் ஆறாம் பகுதியைப் படித்துப் பார்த்தபோது, அம்மா ஜன்னலுக்குப் போகும் வழியில் ஒரு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போகிறாள் என்று இருந்தது. அந்த நாற்காலியை நான் எழுதவில்லை. எடுத்துவிட்டேன், உங்கள் பிரதியில் இருக்காது என்று நம்புகிறேன்.

8

மூன்றாம் நாள். மாதிரியை இன்று எடுத்தாக வேண்டும். அம்மாவும் கூட வருவேன் என்று கிளம்பிவிட்டாள்.

டாக்டர் அம்மா மன்னிப்புக் கேட்டுவிட்டு இரண்டு படங்களை வைத்தார். ஒன்று பெரியவளுடையது. இன்னொன்று சின்னவளின் முகத்தைப் பார்த்துப் புதிதாக வரைந்தது. லேசாக ஏறி இறங்கிய வரிசை, அவளுக்கே அவளுக்கானது.

"இந்தப் புது வடிவத்துக்குக் காம்போசிட் போதும். சீவ வேண்டியதே இல்ல. உங்க அக்காவோடது வேணும்னா போர்சலின்லதான் இந்த மாதிரியே வரும். சீவிட்டா அப்புறம் திரும்ப முடியாது. யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் டாக்டர். இதைப் போட்டா எங்கம்மா சாப்பிடுவாங்க."

"நீங்க?"

சின்னவள் இரண்டு படங்களையும் அருகருகே நகர்த்தினாள்.

முடிவு ஒன்று: அவள் போர்சலின் படத்தைத் தொட்டாள், எந்திரம் இரைந்தது, அன்றிலிருந்து அம்மா தினமும் ஜன்னலில் [என்னால் முடியவில்லை.]

முடிவு இரண்டு: அவள் காம்போசிட் போட்டுக்கொண்டு வெளியே வந்து சிரித்தாள், அம்மா அவளைப் பார்த்து, "பெரியவ எங்கடி?" என்றாள், அதற்கு அவள் [இதுவும் முடியவில்லை.]

மூன்றாவதாக ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். ஒரு பெண்ணை யோசிக்காமல் கொன்றவனிடம் இன்னொருத்தியின் பல்லையும் ஒப்படைக்கக் கூடாது, அதனால் நான் விலகிக்கொள்கிறேன். நீங்கள் முடிவு செய்யுங்கள்.

இப்போது முன்னறையில் அம்மா மட்டும் இருக்கிறாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். பக்கத்து இருக்கை காலி. உட்காருங்கள். உள்ளே எந்திரச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் (மாதிரியை எடுப்பதற்கும் பல்லைச் சீவுவதற்கும் ஒரே சத்தம்தான்) அவள் உங்கள் பக்கம் திரும்புவாள். அவள் கண்ணில் குழப்பமே இருக்காது.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க. உள்ள ஒருத்திதான் போயிருக்கா. எவ வெளிய வருவான்னு உங்களுக்குத் தெரியுமா?"