காப்பி கேட்கிற குரல்

"அப்பா தலையாட்டினார்! நீயும் பாத்துண்டுதானே நின்னே..."

"ஆட்டினார், ஆட்டினார். ஆட்டினா சம்மதம்னு ஆயிடுமோ? நீ கேட்ட குரல் என்ன குரலாக்கும்?"

"குரலுக்கென்ன? நான் கேட்ட வார்த்தை..."

"வார்த்தை நீ சொன்னதுடா. அவர் காதுல விழுந்தது என்ன?"

மஹேஷ் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

கரமனையில் நாங்கள் இருக்கும் இந்த வீடு என் கணவர் பேரில் இருக்கிறது. போன கர்க்கடக மாதத்தில் அவருக்கு மூளையில் ரத்தம் அடைத்து, வலது கையும் பேச்சும் போயின. வீட்டை விற்றுவிட்டு, கழக்கூட்டத்தில் தன் ஆபீசுக்குப் பக்கத்தில் ஃப்ளாட் வாங்கி எங்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது மகன் மஹேஷின் திட்டம். எனக்கு அதில் இஷ்டமில்லை. அவரால் எழுந்து போக முடியாததால், வியாழக்கிழமை பதிவு அதிகாரி வீட்டுக்கே வந்து, விற்கச் சம்மதமா என்று அவரையே கேட்பார். அவர் தலையாட்டினால் வீடு போயிற்று.

அதற்குத்தான் இன்றைய ஒத்திகை. அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்பா, வீட்டைக் கொடுத்துட்டு எங்களோட வந்துடலாம், இல்லியோ?" என்றான். குரலை இழுத்து, தழைத்து, கடைசியில் மேலே தூக்கி. அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. அது என் குரல். தினமும் காலையில் "காப்பி குடிக்கலாம், இல்லியோ?" என்று நான் கேட்கிற அதே குரல். அப்பாவிடம் எப்போதும் வள்ளென்று விழுகிறவனுக்கு அது எங்கிருந்து வந்தது?

"ரெம்யா சொன்னதை நீ கேட்டுண்டுதான் இருந்திருக்கே," என்றேன்.

ரெம்யா அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண். அவளை ஏற்பாடு செய்தது மஹேஷ். அதனாலேயே அவள் மேலும் எனக்கு ஒரு சந்தேகக் கண். அவள் மலையாளத்தில் சொன்னது இதுதான்: காதில் குறையில்லை. சத்தம் உள்ளே போகிறது. அந்தச் சத்தத்திலிருந்து அர்த்தத்தை எடுக்கிற இடம்தான் கெட்டிருக்கிறது. குரல் ஏறுவதும் இறங்குவதும், நம் முகமும் கையும் அவருக்குத் தெரியும். அதை வைத்து ஊகித்துக்கொள்வார். வார்த்தை எவ்வளவு புரிகிறதென்று போகப் போகத்தான் சொல்ல முடியும்.

அன்றைக்கு மஹேஷ் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கிறாற்போல் இருந்தான்.

"உனக்கு எல்லாத்துலயும் சம்சயம்மா."

"சம்சயமோ? இரு, காட்டறேன்."

அவர் எதிரில் போய் நின்றேன். மாத்திரையைத் துப்பும்போது அதட்டுகிற குரலில், மஹேஷ் கேட்ட அதே வார்த்தைகளைக் கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. மாட்டேன் என்று தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார்.

"பாத்தியோ? அதே வார்த்தைதான். இப்போ சம்மதமில்லையாம்! ஆபீசர் வரட்டும், நானும் இப்படிக் கேக்கறேன்."

மஹேஷ் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. அப்பா பக்கம் குனிந்து, மறுபடி அந்தக் காப்பிக் குரலை எடுத்தான்.

"அப்பா, அம்மாவைக் கரமனைப் பாலத்துலேர்ந்து தள்ளிட்டு வந்துடலாம், இல்லியோ?"

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"அடப்பாவி!"

"செரி, நீ ஜெயிச்சே. அப்பாவுக்கு ஒண்ணும் மனசிலாகலே. வியாழக்கிழமை ஆபீசர்கிட்டே நீயே அதைச் சொல்லிடு. விக்கறது அதோட நின்னுடும்."

"சொல்லுவேன். எனக்கென்ன பயமோ?"

"சொல்லு. 'நான் பேசறது எதுவுமே இவருக்கு மனசிலாகாது சார்'னு அப்பா முன்னாலேயே சொல்லு." ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். வாசல் வரை போனவன் திரும்பினான். "தினம் ஃபோன்ல சொல்லுவியே, 'அப்பா இந்த வீட்டை விட்டு வரமாட்டாராம், என்கிட்டே சம்மதிச்சுட்டார்'னு. அதை எந்தக் குரல்ல கேட்டேம்மா?"

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். சாயங்காலமானால் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எல்லாம் அவரிடம் சொல்லுகிறேன். மோட்டார் ரிப்பேர், மார்க்கெட்டில் மீன்காரி போட்ட சண்டை, எங்கள் கல்யாணத்தன்று பந்தல் ஒழுகியது. பந்தல் ஒழுகிய கதைக்கு அவர் சிரித்தாரே. சரியான இடத்தில்தான் சிரித்தார். இல்லை, நான் முதலில் சிரித்தேனா?

பாலத்துக்குத் தலையாட்டினது விளையாட்டாகவும் இருக்கலாம். பேச்சு இருந்த காலத்திலும் மகனோடு கூட்டுச் சேர்ந்து என்னைச் சீண்டுகிற மனுஷர்தான். அப்படியானால் அவருக்கு எல்லாம் புரிகிறது. புரிகிறதென்றால், வீட்டைக் கொடுக்கச் சரி என்றதும் அவர்தான்.

காப்பி கலந்து கொண்டுவந்தேன். டம்ளரை அவர் கண்ணில் படும்படி, கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். நான் சொல்வது புரிந்தால் இதற்குத் தலையாட்ட மாட்டார். முகத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டேன். குரலை இழுத்து, தழைத்து, கடைசியில் மேலே தூக்கினேன்.

"நான் செத்துப் போனாலும் உங்களுக்குச் சௌக்யம்தான், இல்லியோ?"