ஜோலீனிடம் கேட்ட கேள்வி

கான்சஸின் அந்த விமானப்படைத் தளத்தில் ரிசர்வ் விமானிகள் புது ஆளைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் போச்சு. அதனால்தான் வென்டல் பிரேகர் சனிக்கிழமை மதியம், ஒரு கையில் விஸ்கி பாட்டிலும் மறுகையில் மகள் ஜோலீனுமாக, அவர்கள் அறைக்குள் நுழைந்தார்.

அவர் இப்போது இருக்கும் முழுநேர விமானப்படையில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு ஊர். அம்மா இறந்த பிறகு வந்த ஊரில் ஜோலீன் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள். இன்னொரு வகுப்பில் எழுந்து நின்று பெயர் சொல்ல அவளால் முடியவில்லை. ரிசர்வ் என்றால் மாதத்தில் சில நாள் பறந்தால் போதும். மற்ற நாட்களில் வேறு வேலை, ஒரே வீடு. "எனக்கு ஒரே வீடு வேணும்ப்பா" என்று அவள் ஒரு தடவைதான் கேட்டாள். உடனே அவர் விண்ணப்பித்தார். இங்கே எடுக்காவிட்டால் கோடையில் ஜப்பானுக்கு மாற்றல்.

அறையின் மூலையில் பாப்கார்ன் இயந்திரம். வேலை கேட்டு வருகிறவர்தான் பச்சைமிளகாய் போட்டுப் பொரிக்க வேண்டும்.

"யோவ் வென்டல், கருகுதுய்யா! விமானத்தையும் இப்படித்தான் எறக்குவியா?" என்றார் ஒரு விமானி.

"அதுல பொகை கொஞ்சம் கம்மியா வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவை அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று ஜோலீனுக்குத் தெரிந்தது. மேஜர் லோரீன் என்ற நரைத்த முடிக்கார விமானி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்கப்பா நல்லா பேசுறாரு. ஆனா பாதி மனசோட இங்க வந்தவங்கள நான் பாத்திருக்கேன் கண்ணு. வீட்லயேதான் இருப்பாங்க, ஆனா வீட்ல இருக்க மாட்டாங்க. நீ சொல்லு, அவருக்கு நெஜமாவே வரணும்னு இருக்கா?"

'ஆமா' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போது ஜன்னல்கள் அதிர்ந்தன. வெளியே ஒரு விமானம் கிளம்பியது. மற்றவர்கள் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அப்பா மட்டும் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். விமானம் கூரையைத் தாண்டித் தெரிவதுபோல அண்ணாந்து, சத்தம் போகும் திசையில் மெல்லத் தலையைத் திருப்பினார். கையில் இயந்திரத்தின் மூடி. சோளம் மறுபடி கருகியது.

ஜோலீன் அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டாள்.

லோரீனும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோலீனின் கையை ஒருமுறை தட்டிவிட்டு எழுந்து போனாள். மறுபடி கேட்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் தளத்திலிருந்து போன் வந்தது. அப்பா பேசிவிட்டு வைத்தார்.

"எடுக்கலையாம்டா. யாரோ ஒருத்தர் வேண்டாம்னுட்டாங்க. அப்பா எவ்வளவோ முயற்சி பண்ணேன்."

"பரவால்லப்பா."

அவர் அவளை அணைத்துக்கொண்டார். அவர் வருத்தம் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மே மாதம், ஜப்பானுக்குக் கிளம்புவதற்காக, அவள் சமையலறையில் அம்மாவின் கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பா கார் ஷெட்டில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். டேப் கிழியும் சத்தத்துக்கு நடுவே அவர் சீட்டியடிப்பது கேட்டது. அம்மா போனதிலிருந்து அவள் கேட்காத சத்தம். எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவார்.

அவள் ஷெட் வாசல் பக்கம் போகவில்லை. அடுத்த கோப்பையை எடுத்து, தாள் சரசரக்காமல் சுற்றினாள்.