கை விரித்து நின்றவன்

கிருபாசங்கர் குஜராத்தில் காற்றாலை பழுது பார்க்கிறவன். நாலு மாதம் கழித்துப் பத்து நாள் லீவில் காரமடைக்கு வந்தால், ஏழு மாத மகள் இதழினி அவனைப் பார்த்ததும் வீடே அதிர அழுதாள். ஒன்பது நாளும் அதே கதை. விடிந்தால் ரயில்.

அழுதால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் அவர்கள் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டு மாடியில் திருஷ்டிக்காக நிறுத்திய வைக்கோல் பொம்மையைப் பார்த்து மட்டும் அவள் வாயெல்லாம் ஈறாகச் சிரித்தாள். அதற்கு மாட்டியிருந்தது அவனுடைய பழைய பேண்ட், சட்டைதான். பெற்ற அப்பனுக்கு அழுகை, வைக்கோலுக்குச் சிரிப்பா என்று அவனுக்கு வயிறு எரிந்தது. தன் மூஞ்சிதான் அவளைப் பயமுறுத்துகிறது என்று முடிவுகட்டித் தாடியை எடுத்தான். ஐந்தாம் நாள் மீசையும் போனது. ஊரில் மீசையை எடுத்தவனைச் சும்மா விடுவார்களா? அப்பாவுக்கு என்னாச்சுங்க என்று கடைவீதியில் நாலு பேர் துக்கம் விசாரித்தார்கள். மகள் அப்போதும் அழுதாள்.

அந்த ஒன்பதாம் நாள் சாயங்காலம், காற்றில் பொம்மையின் ஒரு கை கழன்று கீழே விழுந்தது. ஜன்னலோரம் ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்த வர்ஷினி புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். இதழினி சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பொம்மையையே பார்த்தாள்.

"மூஞ்சி வரையறதுக்கு முன்னாடியே அதைப் பாத்துச் சிரிச்சவதானுங்க இவ," என்றாள் வர்ஷினி. "கை போனதுதான் புடிக்கலையாட்ட இருக்குதுங்க."

கிருபாசங்கருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் தன் முகத்தைத்தான் அவள் முகத்தில் கொண்டுபோய் ஒட்டியிருந்தான். எட்ட நின்று, கை கால் தெரிய, முழு ஆளாக அவளுக்குத் தன்னைக் காட்டவே இல்லை.

மாடிக்கு ஓடினான். கொத்தனார் ராமுலுவிடம் பொம்மையைக் கழற்றச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் காலை அகட்டிக் கை இரண்டையும் விரித்து நின்றான். ரோட்டில் போன பஸ்கூட வேகம் குறைத்தது. குஜராத் வேலை போய்விட்டதா என்று ராமுலு பக்குவமாக விசாரித்தார். அவன் அசையவில்லை.

இதழினி அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். காலிலிருந்து தலைவரை பார்த்தாள். பிறகு, வாயிலிருந்த கூழெல்லாம் வழியச் சிரித்தாள்.

கையை மடக்கினால் சிரிப்பு நின்றுவிடுமோ என்று அவனுக்குப் பயம். விரித்த கை விரித்தபடி, குறுகலான படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினான். வர்ஷினி குழந்தையோடு வாசலுக்கு வந்திருந்தாள். பத்தடி. ஐந்தடி. அழுகை இல்லை. அதற்கு மேல் ஓர் அடி வைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

இதழினி தன் குட்டிக் கை இரண்டையும் அவனைப் போலவே விரித்து, அம்மா இடுப்பிலிருந்து அவன்மேல் தாவினாள். பிடிப்பதற்கு அவன் கையை மடக்கியே ஆகவேண்டும். மடக்கினான். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.