தூதனில் வந்த மரணம்

கொல்லம் 1109-ஆம் ஆண்டு சிங்க மாதம் ஒரு புதன்கிழமை காலை, திருவனந்தபுரம் கோட்டைக்குள் குடியிருந்த அனந்தபத்மநாபய்யர் தாம் இறந்துபோன செய்தியைத் ‘தென்னாட்டுத் தூத’னின் மூன்றாம் பக்கத்தில் படித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு ஆரியசாலையிலிருந்த எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அந்த நான்கு வரியை எழுதியவன் நான்.

என் பெயர் சத்தியநேசன், மார்த்தாண்டம் பக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை நம்பித் தூதனில் உதவி ஆசிரியராக இருந்தேன். சாலை பஜார் கடைகளுக்கு நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய அச்சுக்கூடத்தில், முதலாளி பகவதிப்பெருமாள் பிள்ளையின் அப்பா தொடங்கிய நான்கு பக்கத் தினசரி அது. மலையாளப் பத்திரிகைகள் நிறைந்த ஊரில் ஒரு தமிழ்ப் பத்திரிகை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்று சிரித்தவர்கள் பிறகு சந்தாதாரர் ஆனார்கள். சாலையில் ஓடை அடைத்துக் கிடப்பதாகத் தூதன் எழுதினால் நான்காம் நாள் நகரசபை ஆட்கள் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் கங்காணி உரக்க வாசிக்க, லயத்துக்காரர்கள் இரண்டு நாள் பழைய செய்தியைப் புதிதாகக் கேட்பார்கள். ஆனால் எந்த ஊரிலும் எல்லோரும் முதலில் பார்ப்பது மூன்றாம் பக்கத்து மரணப் பத்தியைத்தான். அதைப் பார்த்துச் சாலையில் கடை சாத்துவார்கள், அக்கிரகாரத்தில் தலைமுழுகுவார்கள். பதினான்கு வருஷத்தில் ஒரு மறுப்புகூடப் போட்டதில்லை என்பது முதலாளியின் பெருமை. தப்பே வந்ததில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

செய்தியை அனுப்பியது சுசீந்திரம் ஏஜெண்டு தாணுமாலயன். கோட்டைக்குள் செத்தவரைப் பற்றி நாற்பது மைல் தள்ளியிருக்கும் சுசீந்திரத்திலிருந்து ஏன் செய்தி வரவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நடந்தால் கால்மணி நேரத்தில் செத்தவர் வீட்டு வாசலிலேயே நின்றிருக்கலாம். மரணப் பத்தியை வழக்கமாகப் பார்க்கும் சேஷன் அக்கிரகாரத்துக்காரர். அவர் இருந்தால் ஒரே கேள்வியில் விஷயத்தைப் பிடித்திருப்பார். அவர் லீவில் இருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். சில நாளைக்கு முன்னால் குளத்துக்குப் போன அய்யரின் தலையில் காகம் அடித்துவிட்டது. அது சாவுக்கு அறிகுறியாம். அதற்கு அவர்கள் வீடுகளில் ஒரு பரிகாரம் உண்டு. ஆள் இறந்துவிட்டதாக நெருங்கிய உறவுக்குப் பொய்யாக ஒரு கார்டு போடுவது. அவர்கள் நிஜமென்று நம்பி அழுதால் தோஷம் அந்தக் கண்ணீரோடு போய்விடும். மறுநாள் உண்மையைச் சொல்லி இன்னொரு கார்டு வரும், அழுதவர்கள் முகம் கழுவிக்கொண்டு காப்பி போடுவார்கள். அய்யர் தம் மனைவி சூடாமணியின் அக்காவுக்குச் சுசீந்திரத்துக்குக் கார்டு போட்டிருக்கிறார். திங்கட்கிழமை மரணம் என்று தேதிகூட எழுதியிருக்கிறார். அந்த அம்மாள் அழுத நேரத்தில் தாணுமாலயன் தெருவில் போயிருக்கிறார். இரண்டாவது கார்டு வந்தபோது பத்திரிகைக்கு ஆள் அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் கிறிஸ்தவ சபையில் செத்தால் செத்ததுதான். இப்படி ஒரு வழக்கம் இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

அய்யர் உள்ளே வந்து ஆளைச் சொன்னதும் வசவுக்குத் தயாராக எழுந்து நின்றேன். நாளைக்கே மறுப்புப் போட்டுவிடுகிறேன் என்றேன். அய்யர் உட்கார்ந்து குடையை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார்.

“வேண்டாம். நாலு நாள் கழிச்சுப் போடுங்கோ சார்.”

எனக்கு விளங்கவில்லை.

“செங்கோட்டையிலே என் தம்பி இருக்கான், நாகேஸ்வரன். தூதன் வாசிக்காம அவன் காப்பி குடிக்க மாட்டான். அவன் வரானான்னு பாக்கணும், கேட்டேளா.”

பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. அப்பா இறந்த அன்று தம்பிக்குத் தந்தி அடித்துவிட்டு, அவன் வந்து சேர்வதற்குள் அய்யர் சிதைக்குத் தீ வைத்துவிட்டார். மழை வலுக்கும் என்று வாத்தியார் அவசரப்படுத்தினாராம். மறுநாள் வந்து சாம்பலைப் பார்த்த தம்பி, இனி இந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போயிருக்கிறான். கார்டு போடும்போது தம்பிக்கும் ஒன்று போடலாமா என்று யோசித்ததாகவும், அவன் அழாவிட்டால் என்ன செய்வது என்று பயந்து விட்டுவிட்டதாகவும் அய்யர் சொன்னார். ஐம்பத்து மூன்று வயதுக்காரர் அதைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்.

முதலாளியிடம் போனேன். மறுப்புப் போட வேண்டாம் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “செத்தவரே வந்து சொல்லியாச்சுல்லா. பெறவு நமக்கு என்ன ஓய்?” என்றார்.

அந்த நான்கு நாளும் ஊர் அய்யர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. சர்க்கார் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் அவரோடு வேலை பார்த்தவர்கள் மாலையோடு வந்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் திருப்பி எடுத்துப் போனார்கள். உயிரோடு இருப்பவரைக் கண்ணால் பார்த்த பிறகும், தூதனில் போட்டிருக்கிறதே என்று ஒருவர் சந்தேகமாகவே பேசினாராம். சூடாமணி அம்மாள் என்னைத் திட்டவில்லை. தான் தாலியோடு இருப்பதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி பயப்படுகிறாள் என்று மட்டும் சொன்னாள். அய்யர் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. செங்கோட்டை வண்டி வரும் நேரமானால் வாசலில் போய் நிற்பார். ஒவ்வொரு நாளும் மாலையில் நான் அங்கே போனேன். போகாமல் இருந்தால் மனது குறுகுறுத்தது. ஒரு மனிதனைச் சாகடித்தது போதாதென்று, அவன் சாவுக்குத் தம்பி வரவில்லை என்பதையும் அவனுக்கே காட்டிக்கொண்டிருக்கிறோமே என்றிருந்தது. அவருக்குத் தெரியாமல் செங்கோட்டை ஏஜெண்டு தாசையனுக்கு விசாரித்து எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமையும் தம்பி வரவில்லை. “மதி, போதும். போட்டுடுங்கோ,” என்று அய்யர் உள்ளே போய்விட்டார். திங்கட்கிழமை, பத்திரிகையின் முதல் மறுப்பு இரண்டு வரியில் வந்தது. முதலாளி அன்று யாரோடும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை தாசையனின் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கோட்டைக்கு ஓடினேன், அய்யருக்கு வாசித்துக் காட்டினேன். புதன்கிழமை பத்திரிகையை நாகேஸ்வரய்யர் தாசையன் கடையில் நின்றபடியே படித்திருக்கிறார். மடித்துத் திருப்பிக் கொடுத்து, இனி எனக்குப் பேப்பர் வேண்டாம் என்றிருக்கிறார். நேரே ஆற்றுக்குப் போய் முழுகியிருக்கிறார். அன்று முதல் தீட்டுக் காக்கிறார், ஒருவேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை. ஒருநாள் வாசலில் நின்று, திருவனந்தபுரம் போகவில்லையா என்று தாசையன் கேட்டிருக்கிறார். அதற்கு வந்த பதிலை அப்படியே எழுதியிருந்தார்: “அண்ணா இருக்கறச்சே மிதிக்காத படியை இப்ப மிதிச்சு யாருக்குக் காட்ட?” நாளை பத்தாம் நாள். இறந்தவருக்கு இளையவர் என்பதால் தலைமழித்துத் தர்ப்பணம் செய்கிறார். மறுப்பு வந்த பத்திரிகையைத் தாசையன் கொண்டுபோனபோது, வேண்டாம் என்றேனே என்று கையால் தள்ளிவிட்டார். சொல்ல வந்ததைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

உடனே ஒரு தந்தி கொடுத்துவிடலாம் என்றேன்.

“அப்பாவுக்கு நான் தந்திதான் அடிச்சேன்,” என்று சொல்லிவிட்டு, வேஷ்டியை மாற்றிக்கொள்ள எழுந்தார்.

அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் அன்றைய வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் அவர் பேசியது ஒரே ஒரு தடவைதான். சின்ன வயதில் நாகேஸ்வரன் தலை மழிக்க உட்காரும்போதெல்லாம் அழுவான், நான்தான் பிடித்துக்கொள்வேன் என்றார். செங்கோட்டையில் இறங்கும்போது விடிந்து நேரமாகியிருந்தது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. வீடு பூட்டியிருந்ததால் ஆற்றுக்கு நடந்தோம். வேதக்காரன் என்பதால் நான் மேல்படியிலேயே நின்றுகொண்டேன்.

கீழே கடைசிப் படியில், புதிதாக மழித்த தலையோடு ஒருவர் தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் நனைந்திருந்தது. பக்கத்தில் வாத்தியார் கண்ணை மூடி மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அய்யர் பாதிப் படி இறங்கினார். ‘அனந்தபத்மநாப’ என்று தம் பெயர் தம்பியின் குரலில் வந்து, அதன்மேல் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டதும் அங்கேயே நின்றுவிட்டார். கூப்பிடத்தான் வந்தார்.

நாகேஸ்வரய்யர் அடுத்த தடவைக்குக் கை நிறைய எள்ளும் தண்ணீருமாக அள்ளி, ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தார். பார்த்தது பார்த்தபடியே இருந்தார். கண் திறக்காத வாத்தியார் இறந்தவர் பெயரை மறுபடி எடுத்துக் கொடுத்தார். தம்பி அதைத் திருப்பிச் சொல்லவில்லை, கையையும் கவிழ்க்கவில்லை. எள்ளைக் கையிலேயே விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும் விரலிடுக்கு வழியாகப் படியில் சொட்டிக்கொண்டிருந்தது.