பாதி சிவப்பு

வலது கண்ணில் புரை எடுத்துக் கட்டை அவிழ்த்த மறுநாள் காலை, அப்பா ஆசுபத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். மதிலோரம் எங்கள் மாருதி நின்றது. தொண்ணூற்றாறில் வாங்கியது, என்னைவிட மூத்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"இது யாருக்க வண்டி லேய்?"

நம்முடையதுதான் என்றேன்.

"நம்ம வண்டி செவப்பு."

இந்த இடத்தில் எனக்குக் குழப்பம் வந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அந்த வண்டி ரோஸ் நிறம். பள்ளிக்கூட வாசலில் என்னை இறக்கிவிடும்போது கிளாஸ் பையன்கள் 'ரோஸ்மில்க் வந்தாச்சு' என்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் சிவப்பு என்று இருந்தது. அப்பாவும் எப்போதும் 'செவப்பு வண்டி' என்றுதான் சொல்வார். முன்னொரு காலத்தில் ஒல்லியாக இருந்தவரை ஊரில் இன்னும் ஒல்லி என்று கூப்பிடுவதில்லையா, அந்தக் கணக்கில் சொல்கிறார் என்று நானும் அம்மாவும் நினைத்திருந்தோம். இத்தனை வருடமும் அவர் கண்ணுக்கு அது சிவப்பாகவே தெரிந்துகொண்டிருந்தது என்பது யாருக்கும் தோன்றவில்லை. கண்ணில் பழுப்பாக ஒரு திரை வளர்ந்து, வண்டி வெளுக்க வெளுக்க அதுவும் தடித்து, இரண்டும் ஒத்துப்போய்விட்டிருக்கிறது.

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நேரே அடுக்களைக்குப் போனார். அம்மா தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"எலிசா, ஒனக்கு எப்போ இப்பிடி ஆச்சு?"

அன்றிலிருந்து அம்மா அவரோடு பேசவில்லை. சாப்பாடு என் வழியாகவும், சுகர் மாத்திரை மேஜை வழியாகவும் அவருக்குப் போயின.

அப்பா பெயர் தங்கையன். கல்லூரி ஒன்றில் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டராக இருபத்தொன்பது வருடம் இருந்து நான்கு வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றார். லேப் அட்டெண்டர் என்றால் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி வைக்கிறவர் என்றுதான் வெளியே நினைப்பார்கள். பிராக்டிகல் பரீட்சை எழுதியவர்களுக்குத்தான் உண்மை தெரியும். டைட்ரேஷனில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வரும்போது, குடுவையில் நிறமில்லாத திரவம் ஒரு சொட்டில் லேசான ரோஸ் ஆகும். அங்கே நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினால் கணக்கு போச்சு. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ஜன்னல் பக்கம் திரும்புகிற நேரத்தில் பிள்ளைகள் அட்டெண்டரைப் பார்ப்பார்கள். அவர் தலையசைத்தால் குழாயை அடைப்பார்கள். சார்மாருக்குக்கூட அந்தத் தலையசைப்பில் நம்பிக்கை உண்டு. அப்பாவுக்கு அதில்தான் பெருமை. எங்கள் ஜாதிக்கும் சம்பளத்துக்கும் வேறென்ன இருந்தது என்று ஒருமுறை அவரே சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்ட கண்ணுக்கு இப்போது இரண்டு முடிவுகள்தான் சாத்தியமாகத் தெரிந்தன. ஒன்று, அவர் ஆசுபத்திரியில் இருந்தபோது நான் யாரிடமோ கொடுத்து வண்டிக்கு நிறம் மாற்றிவிட்டேன். இல்லையென்றால் டாக்டர் ஹரிநாராயணன் கண்ணுக்குள் தப்பான லென்ஸை வைத்துவிட்டார். முதலாவதற்கு என்னை இரண்டு நாள் விசாரித்தார். எனக்கு அவ்வளவு முயற்சி கிடையாது என்பது அவருக்கே தெரியுமாதலால் என்னை விட்டுவிட்டார். மிச்சம் டாக்டர்.

இடது கண்ணுக்கு மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை நாள் குறித்திருந்தது. அதில் புரை ஏற்கனவே முற்றிக் கட்டியாகிவிட்டது, இதற்கு மேல் தள்ளிப்போட்டால் எடுப்பது கஷ்டம், பார்வை திரும்புமா என்பதற்கே உத்தரவாதம் சொல்ல முடியாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அப்பா அந்தக் கண்ணைத் தொடவிட மாட்டேன் என்றார். ஒன்றைக் கெடுத்தது போதாதா என்றார்.

வண்டி வெளுத்துத்தான் போயிருக்கிறது என்று அவருக்கு நிரூபிக்க வேண்டும். பழைய போட்டோ எடுத்துக் காட்டினேன். போட்டோவும் வெளுத்திருந்தது. அதில் வண்டி, அம்மா, தேவாலயம், எல்லாமே ஒரே ஆரஞ்சு.

யூசுப்பைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பெஞ்சு பின்னால் இருந்தவன். அவன் வாப்பா கடையநல்லூரில் இருந்து வந்து இங்கே சாலைக் கடைவீதியில் கடை போட்டவர். இவன் கழக்கூட்டம் பைபாஸில் ஐ.டி.க்காரர்களின் கார்களைப் பளபளப்பாக்கும் ஒரு கடையில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையோடு வந்தான். வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலீஷ் தொட்டு பானெட்டின் ஓரத்தில் நான்கு தடவை தேய்த்துத் துணியைத் திருப்பிக் காட்டினான். துணி சிவந்திருந்தது.

"அளியா, இது கிளியர் இல்லாத பெயிண்ட். இப்பத்தைய வண்டிக்கு நெறத்துக்கு மேல ஒரு கண்ணாடிப் பூச்சு உண்டும். இதுக்கு நெறம் மட்டும்தான். மேலாக்குல செத்துப்போச்சு, உள்ள உயிர் இருக்கு."

வண்டியிலிருந்து நிறம் துணிக்கு வந்தால், அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று கேட்டேன். நல்ல சேதி என்றான். தொடர்ந்து வந்தால்? கெட்ட சேதி என்றான். எங்கே நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும் என்றதற்கு, அது கைக்குத் தெரியும் என்றான். கெமிஸ்ட்ரி வீட்டில் பிறந்தும் இதெல்லாம் எனக்குப் பிடிபடுவதில்லை.

பையில் இருந்த பாலீஷ் மெஷினை அவன் வெளியே எடுக்கவே இல்லை. இருபத்தெட்டு வருடம் காய்ந்த பெயிண்ட், முதலில் எண்ணெய் குடிக்க வேண்டும் என்றான். கெட்டியாக எண்ணெய்ப்பசையோடு இருந்த ஒரு கிளேஸைப் பழைய குளியல் துண்டில் அள்ளி அழுத்தித் தேய்க்கச் சொன்னான். அப்படியே ஒரு நாள் ஊற விட வேண்டும். பிறகு துடைத்து, மெதுவாக பாலீஷ், கடைசியில் மெழுகு.

வண்டியைக் கழுவித் துடைத்து ஆரம்பிக்கும்போது அப்பா நாற்காலியில் இருந்து எழுந்து வந்தார். முழுவதும் செய்ய வேண்டாம் என்றார்.

"பாதி போரும். மத்த பாதிய தொடாண்டாம். ஒத்துப் பாக்கதுக்கு ஒண்ணு வேணும் அல்லே? ரெண்டையும் தேய்ச்சிட்டா பின்ன எத வச்சு பாப்பே?"

யூசுப் என்னைப் பார்த்தான். அவன் தொழிலில் இப்படி ஒரு ஆர்டர் வந்ததில்லை. அப்பா அளவு நாடா கொண்டுவந்து பம்பரில் இருந்து டிக்கி வரை நட்டநடுவே குறித்துக் கொடுத்தார். பானெட், கூரை, டிக்கி மேலெல்லாம் நேர்கோடாக டேப் ஒட்டினோம். டிரைவர் பக்கம் தேய்க்க வேண்டியது, மறுபக்கம் அப்படியே விட வேண்டியது. லேபில் இதற்கு கண்ட்ரோல் என்று பேர் என்று அப்பா சொன்னார். யூசுப் பணிவாக, எங்க கடையில இதுக்கு வேற பேர் உண்டும் மாமா, சொல்லமாட்டேன் என்றான்.

பன்னிரண்டு மணிக்கு என் கை இரண்டும் முழங்கை வரை சிவப்பு. துண்டைப் பிழிந்து கொடியில் போட்டதைப் பின்வாசலில் இருந்து பார்த்த அம்மா, ரத்தம் என்று நினைத்து, அய்யோ கர்த்தாவே என்று ஓடிவந்து, "எங்க முறிஞ்சு, காட்டு" என்று என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பெயிண்ட் என்று தெரிந்ததும், அது தன்னுடைய துண்டு என்பதும் தெரிந்தது. அதன்பிறகு அவள் என்னோடும் பேசவில்லை.

திங்கள் சாயங்காலம் யூசுப் வேலை முடிந்து வந்தான். துடைத்தான், ஒரு வட்டம் பாலீஷ் போட்டான், மெழுகு இழுத்தான். நாங்கள் இருவரும் டேப்பை உரித்தோம். கோட்டின் ஒரு பக்கம் நான் பிறந்ததில் இருந்து பார்த்த ரோஸ்மில்க். மறுபக்கம் நான் பார்த்தே இராத ஒரு வண்டி. அது சிவப்பாக இருந்தது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. அதில் என் முகமும் பின்னால் மின்கம்பமும் தெரிந்தன. யாரோ என் வீட்டிலேயே இருந்துகொண்டு இத்தனை வருடமும் என்னிடம் பொய் சொல்லியிருப்பதைப் போல எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. யார் என்று பிடிபடவில்லை.

அப்பா பானெட்டுக்கு நேர் எதிரே, கோட்டில் மூக்கை வைத்தாற்போல நின்றார். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு புதுக் கண்ணால் பார்த்தார். "இது செவப்பு. இது ரோஸ்," என்று கைகாட்டினார். சரியாகச் சொன்னார். யூசுப் கைதட்டினான். லென்ஸ் சரி, டாக்டர் சரி, வெயில்தான் குற்றவாளி. வியாழக்கிழமைப் பிரச்சினை தீர்ந்தது என்று எனக்கு நிம்மதி.

அப்பா கையை மாற்றினார். வலது கண்ணை மூடிக்கொண்டு பழைய கண்ணால் பார்த்தார். நேரம் போனது. ஓர் அடி முன்னால் வந்து, குனிந்து, கோடு எங்கே என்று என்னிடம் கேட்டார். அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். விரலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்த்தினார்.

"ரெண்டும் ஒண்ணாட்டு இருக்கு."

நாற்காலியில் போய் உட்கார்ந்தார். யூசுப் ஏதோ குழப்பம் என்று புரிந்துகொண்டு பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். அவன் போன பிறகு அப்பா என்னிடம் ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டார். ஞாபகம் இருக்கிறதா, கடைசிப் பரீட்சையில், அஜிதா.

எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் வேலை பார்த்த கடைசி வருடத்துப் பிராக்டிகல். அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டின்போது சொன்னார். அஜிதா என்று ஒரு பிள்ளை, நிறம் வந்துவிட்டது என்று குழாயை அடைத்துவிட்டு இவரைப் பார்த்தாள். இவர் குடுவையைப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை, தலையை இல்லையென்று ஆட்டினார். அவள் மறுபடி திறந்தாள். அடர்ந்த ரோஸ் ஆன பிறகுதான் இவர் சரி என்று தலையசைத்தார். எக்ஸாமினர் அவள் கணக்கைப் பார்த்துவிட்டு மார்க் அதிகமாக ஒன்றும் போடவில்லை. வராந்தாவில் நின்று அழுதாளாம். இப்பத்தைய பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது என்று அப்பா அன்று சொன்னார். அந்த வருடம் ஒரு பேட்சில் முப்பது பேர் இருந்தார்கள். முப்பது பேரும் அவரைத்தான் பார்த்திருப்பார்கள்.

"அவ நிப்பாட்டினது சரியான எடத்துலயா லேய்?"

எனக்கு என்ன தெரியும் என்றேன். எனக்குத் தெரிந்திருந்தது. நான் எக்கனாமிக்ஸ் படிக்கிறவன், இதில் எல்லாம் கருத்துச் சொல்ல உரிமை இல்லை என்று தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன்.

புதன்கிழமை வியாழக்கிழமைக்கான பையை எடுத்து வைத்தபோது அப்பா வரவில்லை என்றார். லென்ஸில் இப்போது குறை சொல்லவில்லை. வேறு காரணம் சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அண்ணைக்கு வரல்லேன்னு சொன்ன கண்ணு இதுதான். இப்பளும் அதையேதான் சொல்லுது. இதையும் எடுத்து மாத்திட்டா, பின்ன நான் வேணும்னு செஞ்சதுபோல ஆயிரும் மக்கா. எனக்க பக்கம் சாட்சி சொல்ல ஒண்ணும் மிச்சம் இருக்காது."

அடுக்களையில் இருந்து அம்மா வந்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு நேரே அவரிடமே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"எனக்க மொகத்த ஒரு கண்ணு வச்சு பாத்து ஒண்ணும் சொல்லாண்டாம். சொல்லுதெங்கி ரெண்டையும் தொறந்து பாத்துட்டு சொல்லணும்."

சொல்லிவிட்டு அவருடைய சட்டையைப் பைக்குள் மடித்து வைத்தாள்.

வியாழக்கிழமை காலை அப்பா வெளுத்த பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். சம்மதித்தாரா, ஊர் பார்க்க வந்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மா பின்னால் ஏறினாள். ஸ்ரீகாரியம் நெரிசலில் ஒரு பஸ் டிரைவர் எங்களைப் பார்த்து, தாண்டிப் போய் முன்னால் நின்று, திரும்பி வண்டியின் மறுபக்கத்தையும் பார்த்தார். கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். கேட்கவில்லை.

ஆசுபத்திரியில் மூன்றாம் மாடி. வரிசையாக வயதானவர்கள், எல்லார் நெற்றியிலும் எந்தக் கண் என்று அடையாளத்துக்கு ஒரு வட்ட பிளாஸ்திரி. ஒரு நர்ஸ் அப்பாவின் இடது புருவத்துக்கு மேல் பிளாஸ்திரியை ஒட்டி, சொட்டு மருந்து விட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து ஜன்னலருகே போனார். நான் பின்னால் போய் நின்றேன். கீழே பார்க்கிங்கில் கூரைகள் எல்லாம் வெள்ளையும் சாம்பலுமாக இருந்தன, நடுவில் எங்களுடையது, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல இரண்டாக. காக்கிச் சட்டை போட்ட செக்யூரிட்டி நோட்டுப் புத்தகத்தோடு வந்து ஒரு பக்கம் நின்று எழுதினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். எழுதியதை அடித்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு முதலில் நின்ற பக்கத்துக்கே திரும்பி வந்தார்.

உள்ளே இருந்து தங்கையன் என்று கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். அம்மா பெஞ்சில் இருந்து எழுந்து நின்றாள். அப்பா ஒரு கையை உயர்த்தி முகத்தில் வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கண்ணை மூடியிருந்தார் என்று பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை.